உங்கள் புள்ளியியல் பேக்கேஜ் தன் மேற்கோள் குறிப்பை எப்படிக் காட்ட வேண்டும்: முழுமையான வழிகாட்டி

ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போதுதான் அந்த ஃபோன் வரும். "சார், அந்த பேக்கேஜை வச்சுத்தான் எல்லா டேபிளும் போட்டேன். இப்ப கைடு, அதை ரெஃபரன்ஸ்ல எங்கேன்னு கேக்கறாங்க. எப்படிப் போடறது?" சேப்பாக்கத்திலிருந்தும் வரும், தரமணியிலிருந்தும் வரும். நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ஆர் மென்பொருளைத் திறந்து சைட்டேஷன் கட்டளையைத் தட்டிப் பாருப்பா." திரையில் வருவதைப் படிக்கச் சொன்னால் சில சமயம் ஆண்டு இருக்காது, சில சமயம் பதிப்பு எண் இருக்காது, சில சமயம் ஐந்து குறிப்புகள் வரிசையாக நிற்கும், எதைப் போடுவது என்று தெரியாது.

இதில் மாணவர் மேல் தப்பில்லை. பேக்கேஜ் எழுதியவர் கடைசி நாளில் அவசரமாகச் செய்த வேலை அது. என் முதல் பேக்கேஜிலும் அப்படித்தான் செய்தேன். அதைக் கீழே சொல்கிறேன்.

ஆகவே இந்த வழிகாட்டி பேக்கேஜ் எழுதுகிறவர்களுக்கு. ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியை வைத்து விளக்குகிறேன், மற்றவற்றைக் கடைசியில் தொட்டுவிட்டுப் போகிறேன். உதாரணத்துக்கு "மழைமானி" என்று ஒரு பேக்கேஜ் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் நிலையங்களின் தினசரி மழை அளவை எடுத்து வடகிழக்குப் பருவமழைக் கணக்குப் போடுவது. பெயர் கற்பனை. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. கோப்பைத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஐந்து விஷயம் வேண்டும்: ஆசிரியர் பட்டியல், பதிப்பு எண், வெளியிட்ட தேதி, நிலையான முகவரி (டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்), இதழில் கட்டுரை வந்திருந்தால் அதன் முழு விவரம்.

பதிப்பு எண்ணும் தேதியும் அரை நிமிட வேலை. நாளைத் தின்பது ஆசிரியர் பட்டியல். யார் ஆசிரியர், யார் உதவியவர், எந்த வரிசை என்பதை முதலில் பேசி முடியுங்கள். பேச வேண்டிய இடம் டீக்கடை. கோப்பில் எழுதி வெளியிட்ட பிறகு ஒரு பெயரை எடுப்பதும் சேர்ப்பதும் மனக்கசப்பில்தான் முடியும், ஏனென்றால் பழைய பதிப்பை மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் பழைய பட்டியலே நிற்கும்.

ஒவ்வொரு ஆசிரியரிடமும் ஆர்கிட் எண்ணையும் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். அது எதற்கு என்பது மூன்றாம் பகுதியில் புரியும்.

2. எதை மேற்கோள் காட்டச் சொல்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

பேக்கேஜைச் சுற்றி மூன்று பொருள்கள் இருக்கும்: மென்பொருள், அதைப் பற்றிய கட்டுரை அல்லது நூல், உள்ளே இருக்கும் புள்ளியியல் முறையை முதலில் முன்வைத்த மூலக் கட்டுரை. புதியவர்கள் மூன்றையும் ஒரே குவியலாகப் போட்டுவிடுகிறார்கள்.

புகழ்பெற்ற பேக்கேஜ்களிலேயே இது வேறுபடும். ஜிஜிபிளாட்2 தன் 2016ஆம் ஆண்டு ஸ்பிரிங்கர் நூலைக் காட்டும். எல்எம்இ4, ஜர்னல் ஆஃப் ஸ்டாடிஸ்டிகல் சாஃப்ட்வேர் இதழின் 67ஆம் தொகுதியில் 2015இல் வந்த கட்டுரையைக் காட்டும். எழுதியவர்களுக்கு அதில் ஒரு நியாயம் உண்டு: பல்கலைக்கழகங்கள் எண்ணுவது கட்டுரைகளை. ஆனால் படிப்பவருக்கு ஒன்று விடுபட்டுப்போகிறது. 2015ஆம் ஆண்டுக் கட்டுரையை மட்டும் பார்த்தால் அந்த ஆய்வு எந்தப் பதிப்பில் ஓடியது என்று தெரியாது.

2016இல் பியர்ஜே கம்ப்யூட்டர் சயின்ஸ் இதழில் வெளியான மென்பொருள் மேற்கோள் கொள்கைகள் ஆறு. அவற்றில் ஒன்று இதையேதான் கேட்கிறது: பயன்படுத்திய குறிப்பிட்ட பதிப்பை அடையாளம் காட்ட முடிய வேண்டும்.

என் முடிவு இது. பதிப்பு எண்ணோடு மென்பொருள் முதல் குறிப்பு. கட்டுரை இருந்தால் இரண்டாவது. முறையின் மூலக் கட்டுரைகள் அந்தந்தச் செயற்கூறின் (ஃபங்ஷன்) உதவிப் பக்கத்தில், மேற்கோள் குறிப்பில் வேண்டாம். மழைமானியில் போக்கைக் கண்டறிய மான்-கெண்டால் சோதனை இருந்தால், அதைப் பயன்படுத்தாதவர் அதன் மூலத்தை ஏன் சுமக்க வேண்டும்?

3. பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது

நம் ஊரில் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான், ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் பெயர் என்றால் இரண்டு பகுதி: கிவன் என்ற இடுபெயர், ஃபேமிலி என்ற குடும்பப்பெயர். நமக்கோ அப்பா பெயரின் தலைப்பெழுத்து, பிறகு சொந்தப் பெயர். குடும்பப்பெயர் என்று ஒன்றே கிடையாது. படிவத்தைப் பார்த்ததும் கை தானாக என்ன செய்யும்? "இடுபெயர்" என்ற கட்டத்தில் சொந்தப் பெயரைப் போடும், மிச்சக் கட்டத்தில் இனிஷியலைப் போடும்.

அதன் விளைவை ராமானுஜனை வைத்தே பார்க்கலாம். ஸ்ரீனிவாச என்பது அவருடைய தந்தை பெயர், ராமானுஜன் அவர் பெயர். இடுபெயர் ராமானுஜன், குடும்பப்பெயர் எஸ் என்று நிரப்பினால் ஆர் அச்சிடுவது "எஸ் ஆர்". மேற்கோள் பதிவு வடிவமான பிப்டெக் வழியாகப் போனால் "எஸ், ஆர்." கணித மேதை இரண்டு எழுத்தாகச் சுருங்கிவிடுவார். அகரவரிசையிலும் அவர் ஆர் எழுத்தில் இருக்க மாட்டார், எஸ் எழுத்தில் தனி இனிஷியலாக நிற்பார்.

செய்ய வேண்டியது நேர் எதிர். சொந்தப் பெயரை ஃபேமிலி கட்டத்தில் போடுங்கள், இனிஷியலை கிவன் கட்டத்தில் போடுங்கள். படிக்க அபத்தமாக இருக்கும். ஆனால் அந்தக் கட்டத்தின் உண்மையான பொருள் "எந்தப் பெயரால் வரிசைப்படுத்துவது" என்பதுதான். "ராமானுஜன் எஸ்" என்று ஒழுங்காக வரும். இனிஷியலே இல்லாத ஒற்றைப் பெயர் என்றால் ஃபேமிலி கட்டம் மட்டும் போதும்.

ஏற்கெனவே இதழ்களில் வேறு வடிவில் பெயர் வந்திருந்தால் அதே வடிவத்தைத் தொடருங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப்பெயராக உட்கார்ந்திருக்கும் பலர் அப்படியே எழுதிவருகிறார்கள், அதுவும் சரிதான். நடுவில் மாற்றினால்தான் ஒரே ஆள் இரண்டு ஆளாவார். அப்படி ஆனாலும் ஒட்டவைப்பது ஆர்கிட் எண். அதற்காகத்தான் முதலிலேயே வாங்கச் சொன்னேன்.

குழுவின் பெயர் ஆசிரியராக வரும்போது வேறு ஒரு விபத்து நடக்கும். ஆரை எழுதியவர்கள் "ஆர் கோர் டீம்". மேற்கோள் மேலாண்மைச் செயலியில் அதை ஆள் பெயராகப் போட்டால் "டீம், ஆர். சி." என்று வரும். நான் திருத்திய ஆய்வேடுகளில் இந்த டீம் ஐயாவைப் பல முறை சந்தித்திருக்கிறேன். பிப்டெக்கில் முழுப் பெயரையும் இரட்டை நெளிவடைப்புக்குள் போட்டால் உடையாது. ஆரின் பர்சன் செயற்கூறில் முழுப் பெயரையும் ஒரே பகுதியாகக் கொடுத்தால் அடைப்பை அதுவே போட்டுக்கொள்ளும்.

4. தகவல் ஒரே இடத்தில் இருக்கட்டும்

பதிப்பு எண்ணை நான்கு கோப்பில் கையால் எழுதினால், அடுத்த வெளியீட்டில் மூன்றைத்தான் மாற்றுவீர்கள். இது சோம்பேறித்தனம் அல்ல, எல்லோருக்கும் நடப்பது. ஆகவே மூலம் ஒன்று, மற்றவை அதிலிருந்து பிறக்க வேண்டும்.

ஆரில் அந்த மூலம் டிஸ்கிரிப்ஷன் கோப்பு. தலைப்பு, பதிப்பு, தேதி, ஆசிரியர்கள் எல்லாம் அங்கே. ஆசிரியர்களை "ஆத்தர்ஸ் அட் ஆர்" புலத்தில் பர்சன் வடிவில் எழுதுங்கள், ஒவ்வொருவருக்கும் பங்கு குறியுங்கள். ஏயூடி என்றால் ஆசிரியர், சிஆர்இ என்றால் பராமரிப்பவர், சிடிபி என்றால் உதவியவர். இதில் கவனிக்க வேண்டியது: தானாக உருவாகும் மேற்கோள் குறிப்பில் ஏயூடி பங்கு உள்ளவர்கள் மட்டுமே வருவார்கள். "என் பேர் ஏன் வரல?" என்று சக ஊழியர் கேட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

இவ்வளவு செய்தாலே சைட்டேஷன் கட்டளை ஒரு குறிப்பைத் தானாக உண்டாக்கிவிடும். கட்டுரை ஏதும் இல்லாத பேக்கேஜ் என்றால் இங்கேயே நிறுத்தலாம். ஆர் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான கிரானில் இல்லாத பேக்கேஜ் என்றால் தேதிப் புலத்தை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் ஆண்டைக் கண்டுபிடிக்க ஆருக்கு வழியில்லை.

கட்டுரையையும் சேர்க்க வேண்டுமென்றால் சைட்டேஷன் என்ற கோப்பு தேவை. இருக்க வேண்டிய இடம் இன்ஸ்ட் அடைவுக்குள். முழுக்கப் பெரிய எழுத்தில், பின்னொட்டு இல்லாமல். பேக்கேஜின் முதல் அடைவிலேயே வைத்துவிட்டால் நிறுவும்போது உடன் போகாது. விண்டோஸில் நோட்பேட் சேமிக்கும்போது சத்தமில்லாமல் டிஎக்ஸ்டி பின்னொட்டை ஒட்டிவிடும், பின்னொட்டை மறைத்து வைத்திருந்தால் கண்ணிலும் படாது. பயிற்சி வகுப்பில் ஒரு பெண் முக்கால் மணி நேரம் கோப்பின் உள்ளடக்கத்தில் பிழை தேடினார். பிழை பெயரின் வாலில் இருந்தது.

கோப்புக்குள் முதல் வரி: சைட்டேஷன் செயற்கூறை ஆட்டோ அளபுருவுக்கு மெட்டா என்ற பொருளைக் கொடுத்து அழையுங்கள். இது டிஸ்கிரிப்ஷனிலிருந்து மென்பொருள் குறிப்பைத் தானாக எடுக்கும், பதிப்பு எண்ணோடு. அதன் கீழே கட்டுரைக்கு ஒரு பிப்என்ட்ரி. இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரிகளில் சைட்என்ட்ரி என்று இருக்கும். அது பழைய வழக்கம், புதிதாக எழுதுகிறவர் எடுக்க வேண்டாம்.

மெட்டா என்பது என்ன? சைட்டேஷன் கோப்பை ஆர் படிக்கும்போது, டிஸ்கிரிப்ஷனில் உள்ளதை எல்லாம் அந்தப் பெயரில் கைக்குக் கொடுக்கிறது. பதிப்பு எண் வேண்டுமா, மெட்டாவின் வெர்ஷன் புலம். ஆண்டு வேண்டுமா, மெட்டாவின் தேதிப் புலத்தில் முதல் கோடு வரை.

இதைப் பயன்படுத்தாமல் பேக்கேஜ்-டிஸ்கிரிப்ஷன் கட்டளையை உள்ளே அழைப்பது பரவலான தவறு. உங்கள் கணினியில் ஓடும், ஏனென்றால் அங்கே பேக்கேஜ் நிறுவப்பட்டிருக்கிறது. கிரானோ நிறுவாமலே இந்தக் கோப்பைப் படிக்க முடிய வேண்டும் என்கிறது. சோறு வெந்த பிறகுதான் அரிசி எது என்று சொல்வேன் என்றால் எப்படி?

இனி என் கதை. ஆண்டுக்கு நான் இன்றைய தேதியைக் கொடுக்கும் கட்டளையைப் போட்டிருந்தேன், புத்திசாலித்தனம் என்று நினைத்து. 2019இல் வெளியிட்ட பதிப்பை நிறுவி வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு ஆண்டும் கட்டளையைத் தட்ட, அதே பதிப்பு 2020, 2021, 2022 என்று மூன்று ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு வெளியீடாக மேற்கோள் காட்டப்பட்டது. ஒருவர் தன் கட்டுரையின் முதல் வரைவில் ஓர் ஆண்டும் திருத்திய வரைவில் வேறோர் ஆண்டும் வந்ததைப் பார்த்துவிட்டு எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

5. திரையில் வர வேண்டியது எது, எந்த வடிவில்

கட்டளையைத் தட்டியவருக்கு வேண்டியது இரண்டு: அப்படியே ஒட்டக்கூடிய உரை, பிப்டெக் பதிவு. வேர்டில் எழுதுபவருக்கு முதலாவது, லேடெக் என்ற ஆவண வடிவமைப்பு மென்பொருளில் எழுதுபவருக்கு இரண்டாவது. உரை வடிவம் இப்படி இருந்தால் போதும்:

"மழைமானியை ஆய்வில் பயன்படுத்தினால் இப்படிக் குறிப்பிடவும்: முதல் ஆசிரியர், இரண்டாம் ஆசிரியர் (2024). மழைமானி: தினசரி மழை அளவுப் பகுப்பாய்வு. ஆர் பேக்கேஜ், பதிப்பு 1.3.0. டிஓஐ முகவரி."

மேலே உள்ள முதல் வாக்கியம் சைட்-ஹெடர் வழியாக வரும். ஒன்றுக்கு மேல் குறிப்பு இருந்தால் எதை எப்போது போடுவது என்று அதில் சொல்லியாக வேண்டும்: "எல்லா ஆய்வுக்கும் முதலாவது, விடுபட்ட நாள்களை நிரப்பும் வசதியைப் பயன்படுத்தினால் இரண்டாவதும்." இந்த ஒரு வரி இல்லாததால்தான் மாணவர்கள் எனக்கு ஃபோன் செய்கிறார்கள்.

ஒரு நுணுக்கம். குறிப்பு ஒன்றே ஒன்று என்றால் ஆர் உரையையும் பிப்டெக்கையும் சேர்த்துக் காட்டும். இரண்டாவது வந்துவிட்டால் பிப்டெக்கைக் காட்டாது, அதைப் பெறும் வழியை மட்டும் அடியில் எழுதும். அந்த அடிவரியைப் புதியவர்கள் படிப்பதே இல்லை. "இந்தப் பேக்கேஜுக்கு பிப்டெக் இல்ல சார்" என்பார்கள். எனவே டு-பிப்டெக் கட்டளையை உங்கள் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் முழுதாக எழுதிக் காட்டுங்கள். ஐந்தாறு குறிப்புகளை அடுக்காமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

பிப்டெக்கில் மூன்று இடத்தில் கை வையுங்கள். முதலாவது, கீ. பிப்என்ட்ரியில் கீ கொடுக்காவிட்டால் அந்த இடம் காலியாக வரும், ஒட்டிய பிறகு லேடெக் முறைக்கும். இரண்டாவது, பெரிய எழுத்து. பல மேற்கோள் நடைகள் தலைப்பைச் சிற்றெழுத்தாக்கும். "ஆர்" என்ற ஒற்றைப் பெரிய எழுத்து சின்னதாகிவிடும். காக்க வேண்டிய சொல்லை நெளிவடைப்புக்குள் போடுங்கள். மூன்றாவது, வகை. பழைய பிப்டெக்கில் மென்பொருள் என்ற வகையே இல்லை, அதனால்தான் ஆர் மேனுவல் என்ற வகையைப் பயன்படுத்துகிறது. மாற்றாதீர்கள், சாஃப்ட்வேர் வகையைப் புதிய பிப்லேடெக் அறியும், பழைய பிப்டெக் அறியாது, உங்கள் பயனர் எதை வைத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

அடிக்குறிப்புக்கு சைட்-ஃபுட்டர் இருக்கிறது. அதில் நான் போடுவது: "ஆரையும் மேற்கோள் காட்டவும், அதற்கு வெற்று அடைப்போடு சைட்டேஷன் கட்டளை." ஆர்ஸ்டுடியோவை மேற்கோள் காட்டிவிட்டு ஆரை விட்டுவிடுகிற ஆய்வேடுகள் ஏராளம். ஆர்ஸ்டுடியோ எழுதுபலகை, கணக்குப் போடுவது ஆர்.

6. எங்கே காட்டக் கூடாது

பேக்கேஜை ஏற்றும்போதெல்லாம் "தயவுசெய்து எங்களை மேற்கோள் காட்டுங்கள்" என்று எட்டு வரி அச்சிடும் வழக்கம் இருக்கிறது. எழுதுகிறவரின் ஆதங்கம் புரிகிறது. ஆனால் ஒரு பகுப்பாய்வில் பத்து பேக்கேஜ் ஏற்றினால், பத்தும் கூவினால், கோயம்பேட்டில் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுவது போல ஆகிவிடும். எல்லாம் கேட்கும், எதுவும் மனதில் நிற்காது. பயனர் கற்றுக்கொள்வது ஒன்றே: எல்லா அறிவிப்பையும் அடக்கும் கட்டளை.

அதைவிட மோசமானதை ஒரு முறை கையில் பிடித்துப் பார்த்தேன். உரையும் கட்டளையும் வெளியீடும் ஒன்றாக வரும் ஆர் மார்க்டவுனில் எழுதிய ஆய்வேடு, திருவல்லிக்கேணியில் பைண்டிங் முடிந்து, கருநீல அட்டையில் தங்க எழுத்தோடு வந்திருந்தது. பின்னிணைப்பைப் புரட்டினால் ஒவ்வோர் அட்டவணைக்கு முன்பும் சாம்பல் நிறப் பெட்டியில் அந்த எட்டு வரி. ரெஃபரன்ஸ் பட்டியலில் அந்தப் பேக்கேஜ் இல்லவே இல்லை.

ஏற்றும்போது ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் ஒரே வரி: பேக்கேஜ் பெயர், பதிப்பு எண், மேற்கோளுக்கு எந்தக் கட்டளை. அதை ஆன்-அட்டாச் செயற்கூறில், பேக்கேஜ்-ஸ்டார்ட்டப்-மெசேஜ் வழியாகச் சொல்லுங்கள். கேட், பிரின்ட் கட்டளைகளால் நேராக அச்சிட்டால் பயனரால் அடக்க முடியாது, கிரான் சோதனையும் சுட்டிக்காட்டும். ஆன்-லோட் செயற்கூறில் எதுவும் சொல்லாதீர்கள். உங்கள் பேக்கேஜை வேறொரு பேக்கேஜ் உள்ளுக்குள் பயன்படுத்தும்போதும் அது ஓடும், பயனருக்கு யார் பேசுகிறார் என்றே தெரியாது.

முடிவு அட்டவணையின் அடியில் மேற்கோளை ஒட்டுவதும் வேண்டாம். முறையின் பெயர் அங்கே இருக்கலாம், இருக்கவும் வேண்டும். மேற்கோள் கேட்டால் மட்டும்.

காட்ட வேண்டிய இடங்கள் மூன்று: சைட்டேஷன் கட்டளை, பேக்கேஜின் முதன்மை உதவிப் பக்கம், ரீட்மீ. ரீட்மீயில் கையால் எழுதாதீர்கள். ரீட்மீயை ஆர் மார்க்டவுனில் வைத்து, கட்டளையின் வெளியீடே அங்கே வரும்படி செய்யுங்கள். நான்காம் பகுதியின் விதி இங்கேயும்தான்.

7. டிஓஐ வாங்கும் வரிசை

கிரானில் உள்ள பேக்கேஜ்களுக்கு இப்போது 10.32614 என்று தொடங்கும் டிஓஐ கிடைக்கிறது. ஒரு பேக்கேஜுக்கு ஒன்று. பதிப்புக்குப் பதிப்பு மாறாது. எனவே பதிப்பு எண் குறிப்பில் தனியாக இருந்தாக வேண்டும்.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் மட்டும் இருப்பவர்கள் ஸெனோடோவுக்குப் போகிறார்கள். ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடம் நடத்தும் இலவசக் காப்பகம் அது. இங்கே வரிசை தவறினால் வேலை கெடும். முதலில் ஸெனோடோவில் கிட்ஹப் கணக்கை இணைத்து, உங்கள் களஞ்சியத்தின் பொத்தானை இயக்குங்கள். பிறகுதான் கிட்ஹப்பில் ரிலீஸ் போடுங்கள். பொத்தானுக்கு முன்பு போட்ட ரிலீஸை அது எடுத்துக்கொள்ளாது. பலர் ரிலீஸ் போட்டுவிட்டு டிஓஐக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

ஸெனோடோ இரண்டு வகை டிஓஐ தரும். ஒன்று அந்தப் பதிப்புக்கு மட்டும். மற்றது எல்லாப் பதிப்புக்கும் பொதுவானது, தொடர்ந்து போனால் புதிய பதிப்பில் கொண்டுபோய் விடும். பயனர் குறிப்பிட வேண்டியது பதிப்புக்குரியதை. ஆனால் ரிலீஸ் போட்ட பிறகுதான் அந்த எண் பிறக்கிறது, அதை அந்த ரிலீஸின் கோப்புக்குள்ளேயே எப்படி எழுதுவது? கோழியா முட்டையா என்று தலையை உடைத்துக்கொள்ளாதீர்கள். கோப்புக்குள் பொது டிஓஐயும் பதிப்பு எண்ணும் இருக்கட்டும். இரண்டையும் வைத்துச் சரியான பதிப்பைத் தேடி எடுத்துவிடலாம். விடாப்பிடியாகப் பதிப்பு டிஓஐயே வேண்டுமென்றால், ஸெனோடோவில் நேரடியாகப் பதிவேற்றும் வழியில் எண்ணை முன்கூட்டி ஒதுக்கிக்கொள்ளும் வசதி உண்டு.

8. கிட்ஹப் பொத்தானுக்கான சிஎஃப்எஃப் கோப்பு

களஞ்சியத்தின் முதல் அடைவில் சைட்டேஷன் டாட் சிஎஃப்எஃப் என்ற கோப்பை வைத்தால், கிட்ஹப் பக்கத்தின் ஓரத்தில் மேற்கோள் பொத்தான் தோன்றும். 2021இல் வந்த வசதி. ஆரைத் திறக்காமலே மேற்கோள் எடுக்க இதைவிடச் சுருக்கமான வழியில்லை.

கட்டாயப் புலங்கள் நான்கு: வடிவத்தின் பதிப்பு, பயனருக்கான செய்தி, தலைப்பு, ஆசிரியர்கள். பதிப்பு, தேதி, டிஓஐ ஆகியவை கட்டாயமில்லை என்றாலும் அவை இல்லாமல் இந்தக் கோப்பு எதற்கு?

யாமல் என்ற எளிய உரை வடிவம் என்பதால் ஒரு பொறி. பதிப்பு 1.10 என்று மேற்கோள் குறியில்லாமல் எழுதினால் அதைத் தசம எண்ணாகப் படித்து 1.1 ஆக்கிவிடலாம். பத்தாம் வெளியீடு முதல் வெளியீடாகிவிடும். குறிக்குள் போடுங்கள். ஆர் பேக்கேஜ் என்றால் கட்டும்போது விட வேண்டிய கோப்புகளின் பட்டியலான ஆர்-பில்ட்-இக்னோரில் இந்தக் கோப்பைச் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கிரான் சோதனையில் நோட் என்ற அறிவிப்பு எழும். ஸெனோடோவுக்கென்று தனி ஜேசன் கோப்பும் வைத்திருந்தால் ஸெனோடோ அதைத்தான் பார்க்கும், சிஎஃப்எஃப்பைப் பார்க்காது. இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

9. ஆருக்கு வெளியே

பைத்தானில் எல்லோருக்கும் பொதுவான சைட்டேஷன் கட்டளை இல்லை. சைகிட்-லேர்ன் தன் 2011ஆம் ஆண்டுக் கட்டுரையையும், ஸ்டாட்ஸ்மாடல்ஸ் தன் 2010ஆம் ஆண்டு மாநாட்டுக் கட்டுரையையும் ஆவணப் பக்கங்களில் காட்டுகின்றன. உங்கள் பேக்கேஜில் சிஎஃப்எஃப் கோப்பு, ஆவணத்தில் தனிப் பக்கம், பதிப்பு எண்ணைத் தரும் மாறி, இம்மூன்றும் போதும்.

ஸ்டேட்டாவில் நீங்கள் எழுதிய கட்டளையின் ஏடிஓ கோப்பில் விண்மீனும் வியப்புக்குறியும் போட்டுத் தொடங்கும் வரியில் பதிப்பையும் தேதியையும் எழுதுங்கள். விச் கட்டளையைத் தட்டினால் அந்த வரி தெரியும். மேற்கோள் உரையை உதவிக் கோப்பின் கடைசியில் வையுங்கள். எஸ்பிஎஸ்எஸ் பயனர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உதவிப் பட்டியில் அபவுட்டைத் திறந்து பதிப்பு எண்ணைப் பாருங்கள், ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள்.

10. வெளியிடும் முன் சோதனை

முதலில் நீங்களே. பேக்கேஜைக் கட்டி, காலியான ஒரு நூலக அடைவில் நிறுவி, ஆரைப் புதிதாகத் திறந்து, கட்டளையைத் தட்டுங்கள். உருவாக்கும் சூழலிலேயே சோதித்தால் இன்ஸ்ட் அடைவுப் பிழை தெரியாது. வந்த உரையை வேர்டிலும், பிப்டெக்கை இணைய லேடெக் தளமான ஓவர்லீஃபிலும் ஒட்டிப் பாருங்கள். டிஓஐ இணைப்பைச் சொடுக்குங்கள். பதிப்பு எண்ணை ஒன்று கூட்டி மறுபடி நிறுவுங்கள்; கட்டளை, ரீட்மீ இரண்டிலும் தானாக மாறியதா?

பிறகு உங்கள் பேக்கேஜைப் பார்த்திராத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இதை ரெஃபரன்ஸில் சேர்" என்று மட்டும் சொல்லுங்கள். வாயை மூடிக்கொண்டு அவர் கை எங்கே போகிறது என்று பாருங்கள். இது கஷ்டம், எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை.

சென்ற முறை இப்படி உட்கார்ந்த மாணவர் சைட்டேஷன் என்று தட்டி, அடைப்புக்குள் பேக்கேஜ் பெயரை மேற்கோள் குறியில்லாமல் போட்டார். அப்படி ஒரு பொருளே இல்லை என்று ஆர் சொல்லிவிட்டது. ரீட்மீயைப் பார்த்தார், அதிலிருந்து ஒட்டினார். மறுபடி பிழை. நான் ரீட்மீயை வேர்டில் எழுதி ஒட்டியிருந்தேன்; வேர்டு நேர்க்குறியை வளைந்த குறியாக்கி வைத்திருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். "அண்ணே, இதுல ஏதோ எழுத்து சரியில்ல" என்று அவர்தான் கண்டுபிடித்தார். அன்றிரவே ரீட்மீயில் கட்டளையை நிரல் பெட்டிக்குள், நேர்க்குறியோடு மாற்றி எழுதினேன்.